சாத்தனூர்த் தண்ணீரும் நாமும்

சாத்தனூர் அணை என்றதும் நம் மாணவியருக்கு நினைவில் வருவன பூங்காவும் முதலைப் பண்ணையும் கல்விச் சுற்றுலாவுமே. காலையில் குழாயைத் திறக்கும்போது அவ்வணையை நினைப்பார் இல்லை. சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள அந்த அணையிலிருந்தும் நம் நகருக்குக் குடிநீர் வருகிறது.

காமராசர் முதலமைச்சராயிருந்த நாளில், 1958இல், தென்பெண்ணையாற்றின் குறுக்கே அது கட்டி முடிக்கப்பட்டது. 119 அடி நிறைந்தால் 7,321 மில்லியன் கன அடி நீர் கொள்ளும். பாசனமே அதன் முதல் நோக்கம். இரு கரையிலும் கால்வாய் வெட்டி வறண்ட நிலங்களுக்கு நீர் தந்தார்கள். நகரம் பின்னால் வந்த பங்காளி.

அப்பங்காளியின் குடும்பமோ பெருத்துக்கொண்டே போகிறது. 1989இல் மாவட்டத் தலைநகரான நம் ஊர் 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோர் இலட்சக்கணக்கினர். கார்த்திகைத் தீபத்தைச் சொல்லவே வேண்டாம். வந்தவர்க்குத் தண்ணீர் தருவது எச்சமயத்தார்க்கும் கடமையே. நம் ஆண்டவரும் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவர்தாமே! ஆனால் அதற்காக, கால்வாய் திறக்கும் நாளை எதிர்பார்த்து நாற்று விட்டிருப்பவரின் வயலைக் காயவிடலாமா?

‘போதாவிட்டால் அணையிலிருந்து இன்னும் எடுக்கட்டுமே’ என்பது நகரத்தார் எளிதாகச் சொல்லும் வழி. நாம் அதை ஏற்கவில்லை. ஆறு ஆண்டுதோறும் ஒரே அளவாகக் கொடுப்பதில்லை. பெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட நேர்ந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஊர்கள் மூழ்கின. மழை பொய்த்த ஆண்டிலோ அதே ஆறு வெறும் மணலாய்க் கிடக்கும். மேலும், நந்தி மலையில் பிறக்கும் இவ்வாறு பெங்களூர்ப் பக்கத்துச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நாளேடுகளில் பார்த்திருக்கிறோம். மேலே வளர்ந்த ஒரு நகரம் கீழே இருப்பவரை மறந்ததன் பலன் அது. நாமும் அந்த வழியில்தான் வளரப்போகிறோமா?

முதலில் நம் வாசலைப் பார்ப்போம். ஊருக்கருகே சமுத்திரம் ஏரி இருக்கிறது. மலையைச் சுற்றிக் குளங்கள் இருக்கின்றன. மலையில் பெய்த மழை அவற்றில் சேரும் வழிகளில் குப்பை கொட்டுவோர் வேற்றூரார் மட்டுமல்லர். 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று பதித்த குழாய் இன்று எங்கே போய் முடிகிறது? குழியிலா, சாக்கடையிலா? பெற்றோர் ஒரு ஞாயிறன்று பார்த்துச் சொல்லட்டும். மாணவியர் அதைத் தெருவாரியாகக் குறித்துத் தொகுத்து, ஐப்பசி மழைக்கு முன் மாநகராட்சியில் கொடுக்கலாம். பட்டியலின் முதல் வரியில் நம் பள்ளிக் கூரை இருக்கட்டும்.