கேன்டீன் ஃபிசிக்ஸ்: அந்த அஞ்சு நிமிஷம் என்ன விலை?

இந்த வாரம் ஒரு குட்டிக் கணக்கோட ஆரம்பிப்போம். பயப்படாதீங்க, ஏழாங்கிளாஸ் ஃபார்முலாதான். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். அவ்ளோதான்!

உங்க வீட்டுல இருந்து காலேஜ் 20 கி.மீ.ன்னு வெச்சுக்குவோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்துல போனா 30 நிமிஷம். 60-ல போனா 20 நிமிஷம். ஆஹா, 10 நிமிஷம் லாபம்! அதே குஷியில 80-க்கு முறுக்கினா? 15 நிமிஷம். இப்போ லாபம் 5 நிமிஷம்தான். 100-ல பறந்தா 12 நிமிஷம், கூடுதல் லாபம் வெறும் 3. வேகத்தைக் கூட்டக் கூட்ட, மிச்சமாகிற நேரம் தேய்ஞ்சுக்கிட்டே போகுது பாருங்க.

இதுவும் சிக்னல், ஸ்பீடு பிரேக்கர், குறுக்கே வர்ற மாடு எதுவுமே இல்லாத ரோட்டுக்கான கணக்கு. ஸ்பீடாமீட்டர் காட்டுறது அந்த நொடியோட வேகம். ஆனா, நம்மளைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது சராசரி வேகம். 80-ல பறந்த ஹீரோ, வழியில சிக்னல்கள்ல மொத்தமா 5 நிமிஷம் நின்னா, அவரோட சராசரி 60-க்கு இறங்கிடும்!

சரி, லாபத்தைப் பார்த்தாச்சு. செலவு எவ்வளவு? அது பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும்.

முதல்ல, பிரேக் பிடிக்கணும்னு மூளைக்கு உறைக்கவே நேரம் ஆகும். உங்க நேரத்தை இப்பவே அளக்கலாம். ஃப்ரெண்டை ஒரு 30 செ.மீ. ஸ்கேலை மேல் நுனியில பிடிச்சுத் தொங்கவிடச் சொல்லுங்க. கீழே ஜீரோ பக்கத்துல விரல்களை விரிச்சு வெச்சுக்கங்க. அவர் சொல்லாம கொள்ளாம விடணும், நீங்க டக்குனு பிடிக்கணும். 20 செ.மீ.ல பிடிச்சா உங்க நேரம் 0.2 நொடி. 30-ல பிடிச்சா கிட்டத்தட்ட 0.25.

2009-ல பெர்லின்ல 100 மீட்டரை 9.58 நொடியில ஓடின உசேன் போல்ட்டுக்கே, துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கிளம்ப 0.146 நொடி ஆச்சு. அதுவும் காதைத் தீட்டிக்கிட்டுக் காத்திருந்த ஆள். நாம பாட்டை முணுமுணுத்துக்கிட்டு வண்டி ஓட்டுறவங்க. நமக்கு 1 நொடின்னு வெச்சுக்கிறதுதான் நியாயம். அந்த ஒரு நொடியில 60-ல போற வண்டி 17 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக்கை இன்னும் தொடவே இல்லை!

அடுத்தது, பிரேக் பிடிச்ச பிறகு ஓடுற தூரம். இங்கேதான் கலிலியோ வர்றார். ஸ்டாப்வாட்ச் இல்லாத காலம். சரிவான பலகையில உலோக உருண்டையை உருட்டிவிட்டு, ஒரு பாத்திரத்துல இருந்து மெல்லிய குழாய் வழியா வடிஞ்ச தண்ணியை எடை போட்டே நேரத்தை அளந்தார் மனுஷன். அவர் கண்டுபிடிச்சு 1638-ல புத்தகமா வெளியிட்ட விஷயம் இதுதான்: நேரம் ரெண்டு மடங்கானா, உருளுற தூரம் நாலு மடங்கு. மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. பிரேக் பிடிக்கிறது அதே படத்தைத் தலைகீழா ஓட்டுற மாதிரி. வேகம் ரெண்டு மடங்கானா, நிக்க ஆகுற நேரமும் ரெண்டு மடங்கு. தூரமோ நாலு மடங்கு!

நல்ல ரோடு, நல்ல பிரேக், நொடிக்கு நொடி வேகத்துல 18 கி.மீ. குறையுதுன்னு வெச்சுக் கணக்குப் போட்டேன். யோசிக்கிற அந்த ஒரு நொடியையும் சேர்த்து, 40-ல வந்தா நிக்க 23 மீட்டர். 60-ல வந்தா சுமார் 44 மீட்டர். 80-ல வந்தா சுமார் 72 மீட்டர்.

இப்போ கிளைமாக்ஸ். ரெண்டு பைக் பக்கத்துல பக்கத்துல போகுது. ஒண்ணு 60, இன்னொண்ணு 80. சரியா 45 மீட்டர் முன்னாடி ஒரு குழந்தை ரோட்டுல இறங்குது. ரெண்டு பேரும் ஒரே நொடியில பார்க்கிறாங்க, ஒரே மாதிரி பிரேக் பிடிக்கிறாங்க. 60-ல வந்தவர் குழந்தைக்கு அரை மீட்டர் முன்னாடி நின்னுடுறார். அதே இடத்துல 80-ல வந்தவரோட வேகம் என்ன தெரியுமா? 20-ஆ? 30-ஆ? இல்லை பாஸ், மணிக்கு 59 கி.மீ.!

நம்ப முடியலையா? பேப்பர், பேனா எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க. ஸ்கூல் படிக்கிற தம்பி, தங்கைகளே, போட்டு முடிச்சதும் அதை உங்களை பில்லியன்ல கூட்டிட்டுப் போற அண்ணன்கிட்ட காட்டுங்க. 'மெதுவா போண்ணா'ன்னா காதுல வாங்காத அண்ணனும் கணக்கைப் பார்த்தா கொஞ்சம் யோசிப்பார்.

அந்த 5 நிமிஷம் கண்டிப்பா வேணுமா? அதுக்கு ஆக்ஸிலேட்டர் எதுக்கு பாஸ், அலாரம் போதுமே!