மண்ணுக்குத் திரும்பாத எண்ணெய்

எள்ளிலிருந்து எடுத்த நெய்யையே நம் முன்னோர் எண்ணெய் என்றனர். பின்னர் அச்சொல் எள்ளைக் கடந்து தேங்காய்க்கும் இலுப்பைக்கும் பொதுவாயிற்று. நிலத்தடியிலிருந்து வந்த எண்ணெய்க்கு மண்ணெண்ணெய் என்ற பெயரும் அமைந்தது. அண்மையில் ஒரு மாலை, எங்கள் ஊரிலுள்ள சிறு கராஜ் ஒன்றின் வாயிலில் நின்றபோது இப்பெயர் என் நினைவுக்கு வந்தது. மோட்டார் சைக்கிளொன்றின் பழைய ஒயிலை இறக்கிய இளைஞன் அதனை வேலியோரக் குழியொன்றில் ஊற்றினான். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "மண்ணுக்குள்ள இருந்து வந்ததுதானே மாஸ்டர், மண்ணுக்கே போகட்டும்" என்றான்.

உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. நானும் குற்றமற்றவன் அல்லன். கறையான் அரியாதிருக்க வேலித் தூண்களுக்குப் பழைய ஒயிலைப் பூசி, எஞ்சியதைக் கோடிப்புறத்தில் ஊற்றியவன் நான். ஆயினும் ஆறுதலாகச் சிந்தித்தபோது, அவ்விளைஞனின் வாதத்தில் இரண்டு பிழைகள் இருப்பதை உணர்ந்தேன்.

மண்ணிலிருந்து வந்த பொருளும் இயந்திரத்திலிருந்து வெளிவரும் பொருளும் ஒன்றல்ல. புதிய ஒயிலிலேயே நாகம் முதலிய பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. இயந்திரம் ஓடத் தேய்ந்த உலோகத் துகள்களும், எரிபொருள் எரிவதால் உண்டாகும் நச்சுச் சேர்வைகளும் அதனுடன் கலக்கின்றன. அச்சேர்வைகளுட் சில புற்றுநோயை விளைவிக்கக் கூடியவை. ஒரு வாகனத்தில் ஒரு தடவை மாற்றப்படும் ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்பது ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் விடுக்கும் எச்சரிக்கை.

மற்றைய பிழை நம் நிலத்தைப் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. அதனையே நாம் கிணறுகளில் அள்ளுகின்றோம். மழைநீர் இறங்கும் வழியாகவே ஒயிலும் இறங்கும். வேறோரிடத்தில் நிலம் குப்பைக் கூடையாக இருக்கலாம். நமக்கோ நிலமே தண்ணீர்க்குடம்.

இது வெறுங் கற்பனையன்று என்பதற்குச் சுன்னாகம் சான்று. அப்பகுதியில் 2013, 2014 ஆம் ஆண்டுகளில் ஆராயப்பட்ட 150 கிணறுகளுள் 109 இல் எண்ணெயும் நெய்மமும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தன. தலைமுறை தலைமுறையாகக் கிணற்றை நம்பிய குடும்பங்கள் பவுசரில் வரும் தண்ணீருக்காக வாளிகளுடன் காத்து நின்றன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாட்டின்படி, அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா செலுத்தவேண்டுமென 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று.

அத்தீர்ப்பை வரவேற்காதார் இலர். ஆனால் அது நமக்கு ஒரு பொய்யான நிம்மதியையும் தந்துவிட்டது என்று அஞ்சுகிறேன். பெரிய நிலையமொன்றின் கழிவெண்ணெய்க்கு ஓர் உரிமையாளர் உண்டு. அவரை மன்றில் நிறுத்தலாம். கராஜின் குழிக்கும் என் கோடிப்புறத்துக்கும் எதிராக எவர் வழக்காடுவார்? சிறிது சிறிதாக ஊற்றப்படும் ஒயிலுக்குப் பெயருமில்லை, பிரதிவாதியுமில்லை. கிணற்று நீரோ ஊற்றியவர் யார் என்று பார்த்துக் கெடுவதில்லை.

அவ்விளைஞனை மட்டும் குறைகூறுவதும் நீதியாகாது. கழிவெண்ணெய் போன்ற ஆபத்தான கழிவுகளைக் கையாள்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. விதி இருக்கின்றது; ஆனால் மாலையில் ஒரு போத்தல் பழைய ஒயிலுடன் நிற்பவன் அதனை எடுத்துச் செல்ல ஓர் இடம் வேண்டாமா? இத்தனைக்கும் அது பயனற்ற பொருளன்று. ஒயில் தேய்ந்து அழிவதில்லை, அழுக்கடைகின்றது; அவ்வளவே. முறைப்படி சுத்திகரித்தால் மீண்டும் ஒயிலாகும். சீமெந்துச் சூளைகளின் உயர்ந்த வெப்பத்தில் எரிபொருளாகவும் அதனைப் பயன்படுத்தலாம்.

ஆதலின், புதிய ஒயிலை விற்கும் கடையே பழையதை மீளப் பெறவேண்டும் என்பது என் கருத்து. பிரதேச சபைகள் சந்தைகள்தோறும் மூடியிட்ட பீப்பாய் ஒன்றை வைத்து, அனுமதி பெற்றோரிடம் அதனை ஒப்படைக்கலாம். பாடசாலைகளில் நிலத்தடி நீரைப் படமாக வரைந்து காட்டும் ஆசிரியர்கள், அப்படத்தின் மேற்பரப்பில் ஒரு கராஜையும் வரையலாம்.

அவ்விளைஞனிடம் நான் மீண்டும் செல்வேன்; மேற்கூறிய இரு பிழைகளையும் எடுத்துரைப்பேன். அவன் அறிவுள்ளவன், ஏற்றுக்கொள்வான். ஏற்றுக்கொண்டபின், "அப்ப இதை எங்க கொண்டுபோய்க் குடுக்கிறது மாஸ்டர்?" என்று கேட்பான். அக்கேள்விக்கு இன்று என்னிடம் விடையில்லை. அதனைத் தரவேண்டியோர் மற்றுமொரு சுன்னாகம் வரும்வரை காத்திருக்கலாகாது.