மெஷின்ல இல்லாத பேரு

2024 ஏப்ரல் 19 அன்று விழுப்புரம் தொகுதி ஓட்டு மெஷினில் மோடி பேரும் இல்லை, ராகுல் பேரும் இல்லை. ஆனா ஹாஸ்டல்ல நடந்த சண்டை முழுக்க அவங்களைப் பத்தித்தான்! பிரதமருக்கு நாம நேரா ஓட்டுப் போட முடியாது, கனடாவுலயும் அப்படித்தான். தொகுதி எம்.பி.யைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் எம்.எல்.ஏ. வேற வேற, எம்.பி. ஒருத்தர்தான். திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை ரயில் பாதை வருஷக்கணக்கா இழுக்குதே, அதை அவர்கிட்டதான் கேக்கணும். தெரு சாக்கடைக்கு அவரைத் திட்டாதீங்க பாஸ், அது நகராட்சி வேலை.

வேட்பாளரோட சொத்து, வழக்கு எல்லாம் தேர்தல் ஆணைய வெப்சைட்டில் இருக்கு. ஒரு செமஸ்டர் சிலபஸையே ஒரே ராத்திரில முடிக்கிறவங்க நாம, இதைப் படிக்க முடியாதா? நோட்டாவா? தாராளமா போடுங்க. ஆனா நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து நிக்கிற வேட்பாளர்தான் எம்.பி. அந்த ஆள் யாருன்னு முடிவு பண்ற வேலையை நான் மத்தவங்ககிட்ட விடுறதா இல்லை.