சரெப்தாவைத் தோல்வி என்று சொல்லாதீர்கள்

வோல்கோகிராட் என்றதும் நமக்கு ஸ்டாலின்கிராட் போர்தான் ஞாபகம் வரும். அந்நகரின் தென்கோடியில் இருக்கும் சரெப்தாவைப் பற்றிப் பேசுவாரில்லை. 1760இல் நம் தரங்கம்பாடிக்கு வந்த மொராவிய சபை என்ற ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் அமைப்பினர்தான் 1765இல் அங்கும் குடியேறினார்கள். பௌத்தர்களான கல்மீக் நாடோடிகளுக்கு நற்செய்தி சொல்வது நோக்கம். மனம் மாறியவர் மிகச் சிலரே; அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் ஜார் அரசு இவர்களை விடவில்லை. இதை வைத்துத் தோல்வி என்று முடிவுகட்டுவது அநியாயம். சரெப்தாவில் கல்மீக் மொழியைக் கற்ற ஐசக் யாக்கோப் ஷ்மித், மத்தேயு நற்செய்தியை அம்மொழியில் தந்தார்; பிறகு மங்கோலிய, திபெத்திய இலக்கண நூல்களும் எழுதினார். வறண்ட புல்வெளியில் சரெப்தாவினர் விளைவித்த கடுகு, நாம் அன்றாடம் தாளிக்கும் அதே இனம். அதன் எண்ணெய் ரஷ்யச் சமையலறைகளுக்குள் நுழைந்தது. 1941இல் ஸ்டாலின் சரெப்தாவினர் உட்பட வோல்கா ஜெர்மானியரை நாடுகடத்தினார், 1943இல் கல்மீக்குகளையும். கொடுமை இரு தரப்புக்கும் பொதுவாயிற்று. 1772இல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. வோல்கோகிராட் போகிறவர்கள் போர் நினைவிடத்தோடு திரும்பிவிடாதீர்கள். சரெப்தாவுக்கும் அரைநாள் ஒதுக்குங்கள்.