தேர் வராத தெருவிலும் உயிர்கள் இருக்கின்றன

2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்ற குரல் அதன் பிறகு வலுத்தது. கோயில் நகரங்கள் சிலவற்றில் தேரோடும் வீதிகளில் புதைவடம் பதிக்கப்பட்டும் இருக்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் தேர் ஓடுவதுதான் அளவுகோல் என்றால், தேரே நுழையாத சேரித் தெருவுக்கு முறை எப்போது வரும்?

புதைவடத்தின் நன்மைகளைக் கண்டவர்கள் டெல்டா மக்களைப்போல் வேறு யாரும் இருக்க முடியாது. அது இல்லாததன் கேட்டை அனுபவித்தவர்கள் அவர்கள். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தது. கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மண்ணுக்குள் போகும் வடத்தைக் காற்று சாய்க்காது, மரம் முறிந்து அறுக்காது. இரவு மழையில் அறுந்து வரப்பில் கிடக்கும் கம்பியை விடியற்காலையில் முதலில் மிதிப்பவர் நடவுக்கும் களையெடுக்கவும் போகிற கூலித் தொழிலாளிதான். அந்த ஆபத்தும் குறையும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். புதைவடம் பதிக்க மேல்கம்பியைவிடப் பல மடங்கு செலவாகும். பழுது ஏற்பட்டால் இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டிச் சரிசெய்ய நேரம் பிடிக்கும். குடிநீர்க் குழாய்க்கோ, தொலைபேசி வடத்துக்கோ வேறொரு துறை தோண்டும்போது வடம் வெட்டுப்படும். பராமரிப்பு இல்லையென்றால் புதைவடமும் கொல்லும். 2017 நவம்பரில் சென்னை கொடுங்கையூரில், மின்பெட்டி அருகே மழைநீரில் கிடந்த வயரை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்ததை மறக்க முடியாது. நம் காலனிகள் பலவும் பள்ளத்தில் இருப்பவை; மழைக்கு முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதான். அங்கே மின்பெட்டியைத் தரைமட்டத்தில் வைத்தால், பாதுகாப்பின் பெயரால் புதிய ஆபத்தை நட்டதாகிவிடும்.

எனவே எல்லாக் கம்பியையும் புதைக்கச் சொல்வது நம் கோரிக்கை அல்ல. வீடுகள் நெருங்கிய குடியிருப்புகளில் உயரழுத்தக் கம்பியைப் புதைக்கலாம், அல்லது பாதை மாற்றலாம். மின்பெட்டிகளை வெள்ளம் எட்டாத உயரத்தில் மேடை கட்டி வைக்க வேண்டும். மற்றத் தெருக்களில் வெறும் கம்பிக்குப் பதிலாக, உறையிட்ட வடத்தைக் கம்பங்களிலேயே இழுக்கலாம். புதைப்பதைவிட இதற்குச் செலவு குறைவு. உரசினாலும் உடனே உயிர் போகாது.

இவை எதற்கும் காத்திராமல் இன்றே கேட்கக்கூடியதும் உண்டு. மத்திய மின்சார ஆணைய விதிப்படி, தெருவின் குறுக்கே போகும் 11 ஆயிரம் வோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர், அதாவது 20 அடி உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு மேலே போனால் கூரையிலிருந்து 3.7 மீட்டரும், பக்கவாட்டில் 1.2 மீட்டரும் இடைவெளி வேண்டும். சாலைமேல் சாலை போட்டுத் தரை உயர்ந்துகொண்டே போகிறது. கம்பியோ தொய்ந்து இறங்குகிறது. தொகுப்பு வீட்டு மாடியில் துணி காயப்போடும் பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்தில் கம்பி போவது விதிமீறல். அதைச் சரிசெய்யக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

பணம் இல்லை என்பது பதிலும் ஆகாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் காலனிகளின் மின்பாதைகளைச் சீராக்கலாம். ஆனால் ஊர் முழுவதற்கும் போட்ட கம்பியைக் காலனிக் கணக்கில் எழுதும் பழக்கத்துக்கு இடம் தரக் கூடாது.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் தொய்ந்த கம்பி, சாய்ந்த கம்பம், திறந்து கிடக்கும் மின்பெட்டி ஆகியவற்றைக் கம்ப எண்ணோடு பட்டியலிடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தப் பட்டியலையே தீர்மானமாக்குங்கள். இறந்த பிறகு வரும் இழப்பீட்டைவிட, இறக்காமல் இருக்க எழுதும் மனு மேலானது.