போகமாட்டேன் என்றவர்

கோவில்பதாகையிலிருந்து ஆவடி போய் ரயிலேறினால் சாந்தோம் எட்டிவிடும் தூரம்தான். அந்தப் பெயருக்குரியவரான இயேசுவின் சீடர் தோமா வந்த வழிதான் நெடியது. கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் இறங்கி, 72இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. சரித்திரச் சான்று மெலிந்தது. அம்மலையில் 1547இல் கிடைத்த சிலுவையின் பஹ்லவி எழுத்துகூடப் பல நூற்றாண்டு பிந்தியதே. வந்தாரா, இல்லையா என்ற மல்லுக்கட்டில் எனக்கு நாட்டமில்லை. என்னை இழுப்பது, ‘தோமாவின் பணிகள்’ என்ற பழைய சிரியாக் நூல் காட்டும் ஆள்தான். இந்தியாவுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தவர். வணிகனிடம் அடிமையாக விற்கப்பட்டு வந்த தச்சர். அரண்மனை கட்ட அரசன் கொந்தபோரஸ் தந்த பணத்தை ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தவர். (நம் ஊர் காண்டிராக்டர்கள் கவனிக்க!) இப்படிப்பட்டவரை, இயேசு உயிர்த்தெழுந்ததை உடனே நம்பவில்லை என்பதற்காகச் ‘சந்தேகத் தோமா’ என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது அநியாயம்.