ஒரு பைட்டுக்கு ஏன் எட்டு பிட்?

"ஒரு பைட் என்பது எட்டு பிட்" என்று கம்ப்யூட்டர் பாடத்தின் முதல் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஏன் எட்டு என்று யாரும் கேட்பதில்லை. பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? அந்த எட்டில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் என் கட்சி.

1960 வாக்கில் பொதுவான அளவு என்று எதுவும் இல்லை. ஐ.பி.எம். கம்பெனியையே எடுத்துக் கொள்ளுங்கள். விஞ்ஞானக் கணக்குகளுக்கான அதன் 7090 இயந்திரத்தில் நினைவகத்தை 'வேர்டு' கணக்கில் அளந்தார்கள். ஒரு வேர்டுக்கு 36 பிட், மொத்தம் 32,768 வேர்டுகள். வியாபாரிகளுக்காக 1959-ல் அறிவித்த 1401-ல் வேர்டுக்கு நிலையான நீளமே கிடையாது. நினைவகத்தை எழுத்துக் கணக்கில் அளந்தார்கள். அதில் 4கே என்றால் 4096 அல்ல, சரியாக 4000 எழுத்து!

இரண்டிலும் ஓர் எழுத்தைக் குறிக்க ஆறு பிட்தான். ஆறு பிட்டில் 64 குறிகள் வரும். 26 பெரிய எழுத்து, 10 இலக்கம், சில குறியீடுகள் போனால் சிறிய எழுத்துகளுக்கு இடம் போதாது.

இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே இயந்திர வரிசையாக 1964-ல் அறிவிக்கப்பட்டதுதான் சிஸ்டம்/360. அதை வடிவமைக்கும்போது ஜீன் ஆம்டால் ஆறு பிட் பக்கம் நின்றார். திட்டத் தலைவர் ஃப்ரெட் புரூக்ஸ் எட்டு என்று முடிவு செய்தார். சிறிய எழுத்துகளுக்கு இடம் கிடைத்தது ஒரு லாபம். இன்னொரு லாபம் எங்கள் துறைக்கு. 0 முதல் 9 வரை எந்த இலக்கத்துக்கும் நான்கு பிட் போதும். ஆறு பிட்டில் ஓர் இலக்கத்தை வைத்தால் இரண்டு பிட் வீண். எட்டில் இரண்டு இலக்கம் கச்சிதமாக உட்காரும்.

இது சும்மா இடம் மிச்சப்படுத்துகிற விஷயம் மட்டுமல்ல. 0.10 டாலரை பைனரி பின்னமாக எழுதினால் முடிவே இல்லாமல் நீளும், எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். இலக்கம் இலக்கமாக வைத்துக் கூட்டினால் ஒரு சென்ட்கூடப் பிசகாது. வங்கிக்கு வேறென்ன வேண்டும்?

இதற்கு விலையும் இருந்தது. 1401-க்காக எழுதிய புரோகிராம்கள் புதிய இயந்திரத்தில் நேராக ஓடாது. பழைய வாடிக்கையாளர்களை இழக்காமல் இருக்க, 360-ன் மாடல் 30 இயந்திரம் 1401 போலவும் இயங்க ஐ.பி.எம். தனி ஏற்பாடு செய்து கொடுத்தது.

ஆக, எட்டு என்பது இயற்கை விதி இல்லை. விஞ்ஞானி, கணக்காளர், விற்பவர் மூவரையும் மனதில் வைத்துச் செய்த சமரசம். 360 சந்தையில் ஜெயித்தது, எட்டும் நிலைத்தது. பாடப்புத்தகத்தில் அந்த ஒரு வரிக்குக் கீழே இந்தக் கதைக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் என்ன? காமர்ஸ் மாணவர்களும் அந்தப் பாடத்தை ஆர்வமாகப் படிப்பார்கள்.